கழுகுச் சட்டைப் பையன்களை விட்டுவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த டீ ஷர்ட் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். வெளிநாட்டு இசைக்குழு பெயர் போட்ட டீ ஷர்ட்டை மாட்டிக்கொண்டு திரிகிற பையன்களைக் கட்டுரையாளர் நன்றாக வாரியிருந்தார். ஒரு பாட்டுகூடத் தெரியாது, பாடினவன் பெயர் தெரியாது, நெஞ்சில் மட்டும் பெரிசாக ரமோன்ஸ் என்று போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள் என்று. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. படத்துக்குக் கீழே, அந்தச் சட்டையில் இருக்கிற கழுகை அமெரிக்க அரசின் முத்திரை என்று அச்சிட்டிருக்கிறீர்கள், அது தப்பு. அப்புறம் ரமோன்ஸ் என்கிற அந்த நியூயார்க் ராக் குழுவைப் பற்றிப் போகிற போக்கில், கிடாரில் மூன்று கார்டு, அதாவது ஒன்றாகச் சேர்த்து அடிக்கிற மூன்று சுரக்கட்டு, தெரிந்தால் யாரும் வாசிக்கலாம், வெறும் இரைச்சல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், அதுவும் சரியில்லை. கடிதம் நீளமாகப் போகும் போலிருக்கிறது. வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள், என் தொழிலே வெட்டுவதுதான், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் கழுகு. அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையில் கழுகு ஒரு காலில் ஆலிவ் கிளையும் இன்னொரு காலில் அம்புக் கட்டும் பிடித்திருக்கும். ரமோன்ஸ் சட்டையில் இருக்கிற கழுகைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஆலிவ் இருந்த இடத்தில் ஆப்பிள் கிளை, அம்பு இருந்த இடத்தில் பேஸ்பால் மட்டை. அமெரிக்கர்கள் தங்கள் ஊர்ப் பலகாரம் என்று ஆப்பிள் வைத்துச் சுடுகிற 'பை'யைக் கொண்டாடுவார்கள், அதற்காக ஆப்பிள். கிடார் வாசித்த ஜானிக்கு பேஸ்பால் பைத்தியம், அதற்காக மட்டை. அலகில் கவ்வியிருக்கிற பட்டையில் லத்தீன் வாசகத்துக்குப் பதிலாக 'ஹே ஹோ லெட்ஸ் கோ' என்று அவர்கள் பாட்டில் வருகிற கத்தல். சுற்றிலும் வட்டமாக நாலு பேர் பெயர். வரைந்தவர் ஆர்துரோ வேகா, மெக்சிகோவில் சிவாவா ஊர்க்காரர், நியூயார்க்குக்குப் பிழைக்க வந்த ஓவியர். கடைசி வரை குழுவோடு சுற்றி மேடைக்கு விளக்கு போட்டவரும் அவர்தான், டீ ஷர்ட் போட்டு விற்றவரும் அவர்தான். குழுவில் ஆள் மாறினால் வட்டத்தில் பெயரும் மாறும். டிரம்ஸ் வாசித்த டாமி 1978-இல் விலகி மார்க்கி வந்தார், 1989-இல் பேஸ் கிடார் டீ டீ போய் சி.ஜே. வந்தார். ஆகவே பெயரை வைத்தே எந்தக் காலத்து டிசைன் என்று சொல்லிவிடலாம். வேலூர் பிளாட்பாரத்தில் என் கண்ணில் படுவது பெரும்பாலும் டாமி பெயர் போட்ட முதல் காலத்துச் சட்டை.

இவ்வளவு பேசுகிற நானும் அந்தப் பையன்களில் ஒருவனாகத்தான் ஆரம்பித்தேன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளாட்பாரத்தில் திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று குவித்துப் போட்டிருந்த குவியலில் பொறுக்கியது. கறுப்புத் துணி, கழுத்துப் பட்டி நன்றாக இருந்தது, தையல் நேராக இருந்தது, எடுத்தேன், அவ்வளவுதான் காரணம். ரமோன்ஸ் என்றால் ஏதோ துணிக் கம்பெனி என்று இருந்துவிட்டேன். கம்மவான்பேட்டையில் இருக்கிற எங்கள் மாமா வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனபோது, அவர் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்காரர்தான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் நெஞ்சையே உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, எந்த ரெஜிமெண்டு?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சட்டை வெளுத்து, அக்குளில் கிழிந்து, கடைசியில் வண்டி துடைக்கிற துணியாகிவிட்டது.

அதற்கு நடுவில் பாட்டும் காதில் விழத்தான் செய்தது. அக்கா பையன் காட்பாடியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். முறுக்கு டின்னோடு ஹாஸ்டலுக்குப் போனால் அறையில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்கும். உட்கார்ந்து பார்த்தேன், தலை வலித்தது. "ஏண்டா ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுற?" என்று கேட்டதற்கு, "மாமா, இது ஆறாவது பாட்டு" என்றான். சரி, நமக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். நான் வளர்ந்த காதும் அப்படி. டி.டி.கே. கேசட்டை வாங்கி, வேண்டிய பாட்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் சென்டரில் வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கின தலைமுறை. இளையராஜா பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வயலின் ஒரு பக்கம் போகும், புல்லாங்குழல் ஒரு பக்கம் போகும், அந்த இடத்துக்காகவே பாட்டைக் கேட்போம். ஆங்கிலப் பாட்டு என்றால் போனி எம், ஆபா, மைக்கேல் ஜாக்சன், அதோடு சரி. இப்படிப்பட்ட காதுக்கு, நடுவில் இசையே இல்லாமல், கிடார் தனியாக வாசிக்கிற இடமே இல்லாமல், ஒன்று இரண்டு மூன்று நாலு என்று கத்திவிட்டு ஓட ஆரம்பிக்கிற பாட்டு எப்படிப் பிடிக்கும்?

பிடிக்க வைத்தது ஒரு ஜாக்கெட். எனக்கு வேலை ராணிப்பேட்டையில், தோல் உடுப்பு தைக்கிற கம்பெனியில், சாம்பிள் ரூமில் கட்டிங். வெளிநாட்டு பையர் ஒருவர் பைக் ஓட்டுகிறவர்கள் போடுகிற மாதிரி ஜாக்கெட் வேண்டும் என்று ஆர்டர் பேச வந்தார். அந்த மாடலை 1928-இல் நியூயார்க்கில் ஷாட் என்ற கம்பெனி ஆரம்பித்து வைத்தது, இன்றைக்கும் அதே வெட்டுத்தான். ஜிப் நேராக நடுவில் வராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறும், காலர் மடிந்து பட்டன் போட்டு நிற்கும், இடுப்பில் பெல்ட், கை முனையில் சின்ன ஜிப். அளவெல்லாம் தாளில் இருந்தது. கூடவே 'இந்த மாதிரி விழ வேண்டும்' என்று ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தையும் இணைத்திருந்தார். செங்கல் சுவர். நாலு பேர் சாய்ந்து நிற்கிறார்கள். முட்டியில் கிழிந்த ஜீன்ஸ், நாலு பேருக்கும் கறுப்புத் தோல் ஜாக்கெட், நாலு முகத்திலும் சிரிப்பே இல்லை. உயரமானவர் கொஞ்சம் கூனிக்கொண்டு நிற்கிறார்.

அந்தப் படத்தை நான் பார்த்த மாதிரி இசை ரசிகர் யாரும் பார்த்திருக்க மாட்டார். முழங்கை மடிப்பில் சுருக்கம் எப்படி விழுகிறது, தோள் மூட்டு எங்கே உட்காருகிறது, ஜிப்பைத் திறந்து விட்டால் இரண்டு பக்கமும் எவ்வளவு விலகித் தொங்குகிறது, இதைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி விழ வேண்டுமானால் ஆட்டுத் தோல் உதவாது, மாட்டுத் தோல் வேண்டும், அதுவும் ஒரு மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. நடு முதுகுத் தோலை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் எடுத்துக்கொண்டு, இழுத்தால் இழுபடுகிற வயிற்றுப் பக்கத்தைக் கையின் அடிப்பாகத்துக்குத் தள்ள வேண்டும். சாம்பிள் ஓகே ஆனது. ஆனால் அந்த நாலு முகம் விடவில்லை. யார் இவர்கள் என்று போனில் தேடினால் ரமோன்ஸ், 1976-இல் வந்த முதல் ரெக்கார்டின் அட்டைப்படம், எடுத்தவர் ராபர்ட்டா பெய்லி. ரெக்கார்டு கம்பெனி ஆளை வைத்துக் காசு செலவழித்து எடுத்த படங்கள் எல்லாம் சரியாக வராமல், ஒரு பத்திரிகைக்காக இந்தப் பெண் எடுத்திருந்த படத்தை 125 டாலருக்கு வாங்கிப் போட்டார்களாம். நம் வண்டித் துணியில் இருக்கிற அதே பெயர் என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, தைத்தது தைத்தாகிவிட்டது, பாட்டையும் கேட்டுவிடுவோம் என்று கம்பெனி பஸ்ஸில் இயர்போனை மாட்டினேன். சத்துவாச்சாரியில் ஏறினால் ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு, பாலாறு பாலம், அப்புறம் ராணிப்பேட்டை. அந்த முதல் ரெக்கார்டில் 14 பாட்டு, எல்லாம் சேர்ந்து 29 நிமிஷம். பாலம் ஏறுவதற்குள் முழு ரெக்கார்டும் முடிந்துவிடும். ஹாஸ்டல் ஸ்பீக்கரில் ஒரே இரைச்சலாகக் கேட்டது இயர்போனில் பிரிந்து கேட்டது, இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. பழைய பீட்டில்ஸ் ரெக்கார்டுகளில் செய்த மாதிரி கிடாரை ஒரு காதுக்கும் பேஸ் கிடாரை இன்னொரு காதுக்கும் ஒதுக்கி நடுவில் குரலை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்க இயர்போனைக் கழற்றினால் கிடார் காணாமல் போய்விடும், மறுபக்கத்தைக் கழற்றினால் பேஸ் போய்விடும். கட்டுரையாளர் ஒரு தடவை செய்து பார்க்கட்டும்.

குரல் ஜோயியுடையது. அந்த இரைச்சலுக்குள்ளே அவர் பாடுவது என்னவோ காதல் பாட்டு மெட்டுத்தான். அறுபதுகளில் அமெரிக்காவில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பாடின ரோனெட்ஸ் மாதிரிப் பாட்டுகளில் ஊறினவர் ஜோயி. அந்தக் கொஞ்சல், வார்த்தை முடிகிற இடத்தில் ஒரு இழுப்பு, கொஞ்சம் விக்கல் மாதிரி ஒன்று. முதல் ரெக்கார்டிலேயே நாலாவதாக டாமி எழுதின ஒரு காதல் பாட்டு வருகிறது, உனக்கு நான் காதலனாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு எதுவுமே இல்லை. அதை யாராவது மெதுவாக, ஒரே ஒரு கிடாரோடு நம் ஊர் கல்யாண ரிசப்ஷனில் பாடினால் பெரியவர்கள்கூட முகம் சுளிக்க மாட்டார்கள். இன்னொரு பாட்டு ஒன்றரை நிமிஷம்தான், அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால், இதுவும் முதல் சரணம் மாதிரியேதான் என்று பாடகரே அறிவித்துவிட்டுப் பாடுகிறார். மேல்விஷாரம் டிராபிக்கில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

மூன்று கார்டு விஷயத்துக்கு வருகிறேன். கார்டு குறைவு, உண்மை. ஆனால் ஜானி வலது கையை எப்படி அடிக்கிறார் என்று பழைய வீடியோவில் பாருங்கள். சாதாரணமாகக் கிடாரில் கை மேலும் கீழும் போகும், கீழே ஒரு அடி, மேலே வரும்போது ஒரு அடி. இவர் மேலே வரும்போது அடிப்பதே இல்லை. ஒவ்வொரு அடியும் மேலிருந்து கீழே மட்டும், அந்த வேகத்தில், பாட்டுக்குப் பாட்டு, நிறுத்தாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதனால்தான் எல்லா அடியும் ஒரே கனத்தில் விழுகிறது. டேபிள் மேல் விரலை வைத்து இரண்டு நிமிஷம் அந்த வேகத்தில் கீழே கீழே என்று மட்டும் தட்டிப் பாருங்கள், மணிக்கட்டு என்ன கதி ஆகிறதென்று தெரியும். எங்கள் தொழிலில் ஒன்று சொல்வேன். தோலில் முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, சூடு போட்ட தடம் எல்லாம் இருந்தால் மேலே கெட்டியாக நிறப் பூச்சு ஏற்றி, பிளேட் போட்டு அழுத்தி, செயற்கையாக ரேகை அச்சடித்து மறைத்துவிடலாம், வாங்குகிறவருக்குத் தெரியாது. பூச்சே இல்லாமல் சாயம் மட்டும் ஊட்டின தோலில் எதையும் மறைக்க முடியாது, தோல் நன்றாக இருந்தால்தான் அந்த வேலையிலேயே இறங்க முடியும். ரமோன்ஸ் வாசித்தது அந்த இரண்டாவது ரகம். ஒருவர் ஒரு இடத்தில் தடுமாறினால் ஒளிய இடமில்லை.

பூச்சு ஏற்றியும் பார்த்தார்கள். 1980-இல் வந்த ரெக்கார்டுக்கு பில் ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்கள், அதே ரோனெட்ஸ் பாட்டுகளைத் தயாரித்த பெரிய கை. ஒரே ஒரு ஆரம்ப கார்டை ஜானியை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து வெறுப்பேற்றினார் என்று கதை இருக்கிறது. முதல் ரெக்கார்டு மொத்தமும் சுமார் ஒரு வாரத்தில், 6,400 டாலரில் முடிந்தது. இதற்கு அதைப்போல் பல மடங்கு செலவு. அமெரிக்கப் பட்டியலில் 44-ஆம் இடம் வரை போனது, அவர்கள் வாழ்நாளில் தொட்ட அதிகபட்ச உயரம் அதுதான். எனக்கு அந்த ரெக்கார்டு ஒட்டவில்லை, வயலின் எல்லாம் வருகிறது, இளையராஜா ரசிகனான எனக்கு அதுதான் பிடித்திருக்க வேண்டும், ஆனாலும் பிடிக்கவில்லை.

எல்லாம் பிடித்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். முதல் ரெக்கார்டில் பசையை முகர்ந்து போதை ஏற்றுவது பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. நியூயார்க்கில் வேலை வெட்டியில்லாத விடலைகளின் அலுப்பைக் கிண்டலாகச் சொல்கிறார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். இருக்கட்டும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ, தோல் வேலையில் இருக்கிற எங்களுக்கு அந்தச் சொல்யூஷன் வாடை தெரியும், அது மூச்சுக்குள் போனால் தலை எப்படிச் சுற்றும் என்றும் தெரியும், அதை முகர்ந்து வீணாய்ப் போகிற பையன்களையும் தெரியும். அந்தப் பாட்டு வந்தால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போகிறேன். ஜெர்மனி நாஜி விஷயத்தை வைத்து விளையாட்டாக எழுதின வரிகளும் அந்த ரெக்கார்டில் உண்டு, ஜோயியும் டாமியும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், அவர்களே பாடியதால் அது வேறு மாதிரிக் கசப்பான நையாண்டி என்று எடுத்துக்கொள்ளலாம், எனக்கு முழுசாகச் செரிக்கவில்லை. எண்பதுகளில் வந்த ரெக்கார்டுகளில் பாதிக்கு மேல் சுமார்தான். ஆனால் அதிலும் 1985-இல், நாஜி எஸ்.எஸ். படையினரும் புதைக்கப்பட்ட ஜெர்மனியின் பிட்பர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அமெரிக்க ஜனாதிபதி ரீகன் போனதைக் கண்டித்து ஜோயி பாடின பாட்டு ஒன்று இருக்கிறது, கோபம் என்றால் அது கோபம். வேடிக்கை என்னவென்றால், கிடார் வாசிக்கிற ஜானி ரீகன் கட்சிக்காரர். அவர் ஆட்சேபித்து அந்தப் பாட்டின் தலைப்பையே மாற்ற வைத்தார்.

இந்த இரண்டு பேர் சங்கதி தனிக் கதை. ஜோயி காதலித்த பெண்ணை ஜானி கல்யாணம் செய்துகொண்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் ஒரே வேனில் வருஷக்கணக்கில் ஊர் ஊராகப் போய், ஒரே மேடையில் ஏறி, ஒன்று இரண்டு மூன்று நாலு என்றதும் ஒன்றாக ஆரம்பித்திருக்கிறார்கள். பங்காளிச் சண்டையில் பேசாமல் இருந்துகொண்டே ஒரே கடையின் கல்லாவில் மாறி மாறி உட்காருகிற அண்ணன் தம்பிகளை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். இவர்கள் அண்ணன் தம்பியும் இல்லை, அது இன்னொரு வேடிக்கை. நாலு பேரும் நாலு குடும்பம், நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற பேட்டையில் பழகினவர்கள். டாமி ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஆரம்ப காலத்தில் பால் ரமோன் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார், அதைப் பிடித்து எல்லோரும் ரமோன் என்று சேர்த்துக்கொண்டார்கள். 1974-இல் ஆரம்பித்து 1996 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் கடைசிக் கச்சேரி, மொத்தம் 2,263 கச்சேரி.

இத்தனை கச்சேரிக்கும் பெட்ரோல் போட்டது எது என்பதுதான் உங்கள் கட்டுரைக்கு என் முக்கியமான பதில். ரெக்கார்டு அவ்வளவாக விற்கவில்லை. முதல் ரெக்கார்டு அமெரிக்கப் பட்டியலில் 111-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. 5 லட்சம் பிரதி விற்றால் கொடுக்கிற தங்கச் சான்று அதற்குக் கிடைத்தது 2014-இல், வெளியாகி 38 வருஷம் கழித்து. ஜோயி 2001-இலும் டீ டீ 2002-இலும் ஜானி 2004-இலும் போய்விட்டார்கள், அந்தச் சான்று வரும்வரை டாமி மட்டும் இருந்தார், அவரும் அதே 2014 ஜூலையில் இறந்துவிட்டார். ரேடியோக்காரர்கள் பாட்டைப் போடாத காலத்தில் கச்சேரிக் காசும் ஆர்துரோ வேகா விற்ற டீ ஷர்ட் காசும்தான் அந்த வேனை ஓட்டியது. ரெக்கார்டைவிட சட்டைதான் அதிகம் விற்றது என்று அவர்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படியென்றால் பாட்டைக் கேட்காமல் சட்டையை வாங்கினவர்கள் அந்தக் காலத்திலேயே ஏராளம் இருந்திருக்கிறார்கள், அவர்கள் கொடுத்த காசில்தான் கேட்கிறவர்களுக்குப் பாட்டு கிடைத்தது. நம் பையன்களை மட்டும் நிற்க வைத்துக் கேலி செய்வது என்ன நியாயம்?

கட்டுரையாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருந்தது, அதைக் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பேன். நம் ஊர் பிளாட்பாரத்தில் விற்கிற பாதிக்கு மேல் உரிமம் வாங்காமல் அடித்த பிரிண்ட், அதில் ஒரு பைசா அந்தக் குடும்பங்களுக்குப் போகாது, வேகாவின் வாரிசுக்கும் போகாது. எக்ஸ்போர்ட் மிச்சம் என்று சொல்வதும் பல நேரம் கதைதான், கழுத்துக்குப் பின்னால் லேபிள் வெட்டிய தடம் இருக்கிறதா, பிரிண்ட் ஓரம் பிசிறடிக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். நான் எடுத்ததில் மட்டையின் பிடி கழுகின் காலோடு ஒட்டி ஒரே கறையாக இருந்தது, இப்போது யோசித்தால் அது கண்டிப்பாக டூப்ளிகேட். இதைப் பற்றிப் பேசலாம். விற்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை, இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற பையனிடம் போய்க் கேட்கிறார்.

மொழி புரியாமல் என்ன ரசனை என்றும் ஒரு வரி இருந்தது. ரமோன்ஸுக்கு உலகத்திலேயே வெறி பிடித்த கூட்டம் இருந்தது அர்ஜென்டினாவில், ஸ்பானிஷ் பேசுகிற நாடு. சொந்த ஊரில் சின்ன அரங்கங்களில் வாசித்தவர்கள் 1996 மார்ச்சில் பியூனஸ் அயர்ஸில் ரிவர் பிளேட் கால்பந்து மைதானத்தில் வாசித்தார்கள். அங்கே வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கும் என்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. இதைவிட முன்னால், 1976 ஜூலை 4, அமெரிக்காவுக்குச் சுதந்திரம் கிடைத்து 200 வருஷம் முடிந்த அன்றைக்கு, இவர்கள் லண்டனில் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் வாசித்தார்கள். கிளாஷ், செக்ஸ் பிஸ்டல்ஸ் மாதிரி லண்டன் குழுக்களின் ஆட்கள் அந்த நாட்களில் இவர்களைச் சந்தித்திருக்கிறார்கள், நாமும் வாசிக்கலாம் போலிருக்கிறதே என்ற தைரியம் பலருக்கு அங்கிருந்து வந்தது. யாரும் வாசிக்கலாம் என்று உங்கள் கட்டுரையாளர் குறையாக எழுதியதைத்தான் அங்கே நூறு பையன்கள் அழைப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா பையன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். ரமோன்ஸ் கேட்கிறேன் என்று போனில் சொன்னதும் நம்பவில்லை, "மாமா, எந்தப் பாட்டு, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைத்தான். அவன் பதினெட்டு வயசில் கேட்டுவிட்டு விட்டுவிட்டானாம். நான் ஐம்பதைத் தாண்டி ஆரம்பித்திருக்கிறேன். ஜாக்கெட் மட்டும் போட முடியவில்லை, வேலூர் வெயிலில் மே மாதம் தோல் ஜாக்கெட் போட்டால் சி.எம்.சி.யில்தான் போய்ப் படுக்க வேண்டும். சாம்பிள் ரூமில் ஏ.சி. இருப்பதால் ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன், தொப்பை ஜிப்புக்கு ஒத்துவரவில்லை.

படத்துக்குக் கீழே போட்ட வரியைத் திருத்தம் என்று ஒரு மூலையிலாவது போட்டுவிடுங்கள். அந்தச் சட்டையைப் போட்டிருக்கிற பையன் யாராவது இதைப் படித்தால் அவனுக்கு ஒரு யோசனை. முதல் ரெக்கார்டில் ஆரம்பிக்காதே, அது கொஞ்சம் முரட்டுச் சரக்கு. 1977 நவம்பரில் வந்த மூன்றாவது ரெக்கார்டு, ராக்கெட் டு ரஷ்யா, அதில் கடற்கரைக்குப் போகிற பாட்டு ஒன்று, ராக்கவே பீச், இரண்டு நிமிஷம், அதை முதலில் போடு. போன் ஸ்பீக்கரில் போடாதே, பேஸ் சுத்தமாகக் கேட்காது, என்னை மாதிரி இரைச்சல் என்று நினைத்து எழுந்து போய்விடுவாய். பிளாட்பாரத்தில் நூறு ரூபாய்க்கு விற்கிற இயர்போன் போதும், இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.